கரையோர வேடர் கிராமத்திலிருந்து ஓர் ஆசிரியர் வர எத்தனை வருடம் எடுக்கும்?

தொண்டர் ஆசிரியராக நான் வேலை செய்த முதல் ஆறு வருடங்களுக்கு ஒரேயொரு சான்றுதான் இருந்தது. பாடசாலை வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் காலையில் நான் இட்ட கையொப்பம். 2006 ஜூலை இறுதியில் மாவிலாற்றில் சண்டை தொடங்கி, மூதூர் கிழக்கிலிருந்து நாங்கள் வெளியேறியபோது அந்தப் பதிவேடு பாடசாலை அலுமாரியிலேயே இருந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு தொண்டர் ஆசிரியர்களுக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது அந்தப் பதிவேடுதான். பழைய அதிபரைத் தேடிப் பிடித்து, கடிதம் வாங்கி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்குமாக அலைந்து முடிக்கவே ஒரு வருடம் போயிற்று. பத்தொன்பது வயதில் ஊதியமின்றிப் படிப்பிக்கத் தொடங்கிய எனக்கு நியமனக் கடிதம் கிடைக்கும்போது வயது முப்பத்து மூன்று. 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' என்ற சான்றிதழ் கைக்கு வந்தது முப்பத்தாறில்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் ஊர் பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு பெண். என்னிடம் முதலாம் வகுப்புப் படித்தவள். வயது இருபத்து நான்கு, ஒரு பிள்ளைக்குத் தாய். "ரீச்சர், நானும் உங்களைப் போல வரலாமா? எங்க போய் என்ன படிக்கோணும்?" என்று கேட்டாள். சுருக்கமாகப் பதில் சொல்ல முயன்றேன். முடியவில்லை.

திருகோணமலை நகரில் துறைமுகத்தைப் பார்த்து நிற்பவர்களுக்குக் கொட்டியாரக் குடாவின் மறுகரை கண்ணுக்குத் தெரியும். இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் மூதூர். அங்கிருந்து தெற்கும் கிழக்குமாக நல்லூர், பாட்டாளிபுரம், வீரமாநகர், இளக்கந்தை, மலைமுந்தல், உப்பூறல் என்று கரையோரமாகவும் காட்டோரமாகவும் கிராமங்கள் கிடக்கின்றன. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலும் உண்டு. ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளி, வாகரை வரை இதே சனம்தான். ஆய்வாளர்கள் எங்களைக் 'கரையோர வேடர்' என்பார்கள். சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட 'த வெத்தாஸ்' என்ற நூலில் எங்கள் முன்னோருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அப்போதே தமிழ்தான் பேசினார்கள்.

வேடர் என்றவுடன் நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது தம்பானை. தமிழ் பேசும், மீன் பிடிக்கும், கோயில் திருவிழாவுக்குப் போகும் வேடர்கள் இருக்கிறார்கள் என்பது தமிழர்களிலேயே பலருக்குப் புதினம். கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். 1911 கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் 5,332 வேடர் என்று பதிவானது. 1953 இல் 803. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை. தமிழர் என்றோ சிங்களவர் என்றோ எழுதப்பட்டார்கள், அவ்வளவுதான். பின்னர் வந்த கணக்கெடுப்புகள் பலவற்றில் எங்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கவில்லை. என் சான்றிதழ்களிலும் 'இலங்கைத் தமிழர்' என்றுதான் இருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் எங்கள் கிராமங்களிலிருந்து எத்தனை பேர் ஆசிரியர் ஆனார்கள் என்று யாராவது கேட்டால், எண்ணிப் பார்க்க ஒரு நிரல் இல்லை என்பதுதான் இதன் பலன்.

எங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. விடியமுதல் எழும்பி இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் மாற்றலாகிப் போகிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தேன் காலத்திலும் பாலைப்பழக் காலத்திலும் இடாப்பில் சிவப்புக் கோடுகள் கூடும். புதிதாக வந்தவருக்கு அது 'வரவின்மை'. எனக்கு அது, இந்தப் பிள்ளை தகப்பனோடு காட்டுக்குப் போயிருக்கிறான், அடுத்த கிழமை நடுவில் வருவான், வந்ததும் விட்ட கழித்தல் கணக்கைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற தகவல். இந்த வித்தியாசத்தைக் கற்பிக்கும் பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

ஊர்க்காரி ஆசிரியராக இருப்பதில் தலையிடியும் உண்டு. சொந்தக்காரர் சண்டை வகுப்பறைக்குள் வரும். 'நீ எங்கட பிள்ளைதானே, ஏன் எங்கட பெடியனுக்குப் புள்ளி குறைச்சுப் போட்டாய்' என்று கிணற்றடியில் வைத்துக் கேட்பார்கள். சக ஆசிரியர் சிலர் என் காதுபட 'வேடப் பிள்ளையளுக்கு இது போதும்' என்று சொன்ன நாட்களில் எழும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்திருக்கிறேன்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஆசிரியராகச் சான்றிதழ் பெறப் பிரதானமாக மூன்று வாசல்கள் இருக்கின்றன. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் முதலாவது. கிழக்கில் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கின்றன. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. முடித்தால் நியமனம். நல்ல முறைதான். ஆனால் உயர்தரத்தில் மூன்று பாடங்களும் சித்தியடைந்திருக்க வேண்டும். இருபத்தைந்துக்குட்பட்ட வயதும் திருமணமாகாதிருத்தலும் அதன் வழமையான நிபந்தனைகள். எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் உயர்தரம் வரை போவதற்கு முன்பே கலியாணம் முடித்துவிடுகிறார்கள். இந்த வாசலில் அவர்களுக்கு இடமில்லை.

இரண்டாவது, பட்டதாரியாகி நியமனம் பெற்று, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலை செய்துகொண்டே முடிப்பது. தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் இதைப் பகுதிநேரமாக நடத்துகின்றன. பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை எங்கள் ஊர்களில் விரல்விட்டு எண்ணலாம்.

மூன்றாவதுதான் நான் போனது. ஏற்கெனவே சேவையில் இருக்கும், ஆனால் பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கான ஆசிரியர் கலாசாலை. மட்டக்களப்பு, கோப்பாய், அட்டாளைச்சேனை, கொட்டகலை என்று தமிழ் மொழி மூலக் கலாசாலைகள் இருக்கின்றன. இரண்டு வருடம், சம்பளத்தோடு. சம்பளம் வந்ததால்தான் நான் படித்தேன். இல்லையென்றால் முதல் மாதமே திரும்பியிருப்பேன். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு முறை ஊருக்கு வந்தபோது என்னைக் கண்டதும் அம்மம்மாவின் பின்னால் போய் ஒளித்துக்கொண்டாள்.

கலாசாலையில் எனக்கு உண்மையில் பயன்பட்டது செயல்நிலை ஆய்வு. தன் வகுப்பறையில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து எழுத வேண்டும். நான் தேன் கால வரவின்மையை எடுத்தேன். ஊரை விட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு ஊரைப் பற்றி எழுதும் கூத்து அது. விடுமுறைக்கு வரும்போது பழைய இடாப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போவேன். அந்த இரண்டு வருடமும் என் வகுப்புக்கு வேறு ஆசிரியர் வரவில்லை. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒருவரே பார்த்தார். பயிற்சி பெறுவதற்காக ஊரிலிருந்து ஓர் ஆசிரியரைப் பிடுங்கினால் ஊருக்கு நேரும் இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வார இறுதிப் படிப்புக்கும் பிறகு பதிந்தேன். அதற்குள் பயணம் சற்று இலகுவாகிவிட்டது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். அது அக்கரையில் நின்றால் முதல் விரிவுரை போய்விடும். பாலம் வந்த பிறகும் எங்கள் ஊரிலிருந்து நகருக்கு விடியற்காலை பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. ஒப்படைகளைப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் மனதுக்குள் எழுதினேன்.

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியதும் அந்தப் பஸ்ஸில்தான். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990 இல் 'ராட்டெப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை எளிது. ஆதிக்குடி ஊர்களிலிருந்து ஆட்களை நகரத்துக்குக் கொண்டுபோகாமல், பயிற்சியை ஊருக்குக் கொண்டுவருவது. ஊர்ப் பாடசாலை வளாகத்திலேயே படிப்பு நிலையம், அங்கே ஒரு பயிற்றுநர், பல்கலைக்கழகத்துடன் தொலைத்தொடர்பு. ஆசிரிய உதவியாளராக அதே பாடசாலையில் வேலை பார்த்தவர்கள் அங்கேயே இருந்து படித்தார்கள். தரம் குறைந்த தனிச் சான்றிதழ் அல்ல, மற்றவர்கள் பெறும் அதே தகைமை. இதற்கு முன்பே வடக்கு அவுஸ்திரேலியாவின் யிர்க்கலாவில் 1980களில் டீக்கின் பல்கலைக்கழகமும் பட்செலர் கல்லூரியும் சேர்ந்து இதே போன்ற பயிற்சியை நடத்தின. அவ்வழியில் கல்விப் பட்டம் பெற்றவர்தான் மண்டாவுய் யுனுப்பிங்கு. 1990 இல் தன் ஊர்ப் பாடசாலைக்கே அதிபரானார். 'யோத்து யிண்டி' இசைக்குழுவின் பாடகராகத்தான் உலகம் அவரை அறியும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் 'நைட்டெப்' திட்டம் 1974 இலேயே தொடங்கியது. மாணவர்கள் முதல் வருடங்களைத் தங்கள் பிரதேசத்துக்கு அருகிலுள்ள நிலையத்தில் படித்துவிட்டு, பிறகே வன்கூவர் போகிறார்கள். கேரளத்தின் வயநாட்டில் 2017 இல் 'கோத்ரபந்து' என்று, ஆசிரியத் தகைமை பெற்ற இருநூற்றுக்கு மேற்பட்ட பழங்குடி இளைஞர்களை ஆரம்பப் பாடசாலைகளில் வழிகாட்டி ஆசிரியராக நியமித்தார்கள். அங்கே பிள்ளையின் வீட்டு மொழியும் வகுப்பு மொழியும் வேறு. இடையில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1980களில் சுவீடன் உதவியோடு பயிற்றப்படாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்வி நடந்தது. அச்சிட்ட பாட அலகுகள் வீட்டுக்கு வரும். வார இறுதியில் சந்திப்பு வகுப்பு. மலையகத்தில் 2015 அளவில் 3,000 பேர் வரை ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டு, பயிற்சி முடிந்த பிறகு ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். ஆனால் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகுதான் 10,000 ஆயிற்று. அந்தக் காசில் வீட்டை விட்டுப் போய் எப்படிப் படிப்பது? எங்களுக்கும் இப்படியொரு திட்டம் வந்தால் பாதித் தூரம் மட்டும் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ ஒரு பாடசாலையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திறந்திருக்கும் ஒரு படிப்பு அறை போதும், தொடங்குவதற்கு. விரிவுரையாளர் மாதம் இரு முறை வரட்டும். மற்ற நாட்களுக்கு எங்களைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம். வயதும் திருமணமும் தடையாக இருக்கக்கூடாது. பாலர் பாடசாலையில் ஐந்து, ஆறு வருடம் படிப்பித்த அனுபவத்துக்கு ஒரு பெறுமதி வேண்டும். செய்துவந்த வேலையைக் காட்டி ஒரு மேசன் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம் என்று இந்த நாட்டில் முறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளின் அனுபவமும் ஆசிரியர் தகைமைக்கு அதைப் போலக் கணக்கில் வர வேண்டும். உயர்தரமே தேவையில்லை என்று நான் கேட்கவில்லை. பாடம் தெரியாத ஆசிரியர் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டாம். அந்தத் தகைமையை வேலை செய்துகொண்டே, ஊரில் இருந்துகொண்டே அடைய நாலைந்து வருடம் தாருங்கள் என்பதுதான் கேட்பது.

பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தின் 14 ஆவது உறுப்புரை கல்வியைப் பற்றியது. 2007 செப்டெம்பரில் அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கூட்டங்களில் இதைச் சொன்னால் அதிகாரிகள் தலையாட்டுவார்கள். ஒருவர் மட்டும், "இங்க வேடர் என்று எங்க பதிவு இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதிலும் பிழையில்லை.

2006 இன் கடைசி மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் போன சனம் வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஒதுங்கியது. நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து பலர் செத்தார்கள். அதன் பிறகு மட்டக்களப்பு முகாம்களில் தறப்பாளின் கீழ் வகுப்பு வைத்தோம். அப்போது யாரும் எங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தத் தறப்பாளின் கீழ் 'அ' எழுதிய பிள்ளைகளில் ஒருத்திதான் இன்று என்னிடம் வழி கேட்பவள்.

உயர்தரத்தில் இரண்டு பாடம் சித்தியடைந்திருக்கிறாள். இந்த முறை மூன்றையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதப் போகிறாள். அவளை விழுத்தியது புவியியல். செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் மகனையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். இடவிளக்கப் படம்தான் அவளுக்குச் சிரமம். போன கிழமை கொட்டியாரக் குடாவின் படத்தை விரித்து, மகாவலி கங்கை கடலில் விழும் இடத்தைக் காட்டச் சொன்னேன். படத்தைக் குனிந்து பார்க்காமலே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். திசை சரி. பிறகு இருவரும் சேர்ந்து படத்தில் தேடினோம்.