காணாமையும் இன்மையும்: வழிப்பட்டியல்களின் சாட்சியம் குறித்து

இணையத்தின் கட்டமைப்பு காலப்போக்கில் அடைந்த மாற்றங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளுள் பெரும்பகுதி, ஓரகன் பல்கலைக்கழகத்தில் திரட்டப்பட்டு 1997 முதல் சேமிக்கப்பட்டுவரும், எம்முகவரிக்கு எந்த வலையமைப்புகள் வழியே செல்லலாம் என்று காட்டும் வழிப்பட்டியல்களையே மூலாதாரமாகக் கொண்டிருத்தலின், அவற்றை வாசிக்கும் முறை யாது என்பதே இத்துறையின் முதல் வினாவாகும்; அவ்வினாவுக்கு முன்னையோர் அளித்த விடையோடு எனக்கு உடன்பாடில்லை.

1997 நவம்பரில் அப்பட்டியல்களில் 3,015 தன்னாட்சி வலையமைப்புகளும் அவற்றிடையே 5,156 இணைப்புகளும் தோன்றின. 1998 டிசம்பரில் இவை முறையே 4,389, 8,256 என்றாயின. சில பெருமையங்களில் இணைப்புகள் திரண்டும் ஏனையவற்றில் ஒன்றிரண்டாகச் சுருங்கியும் கிடந்த இப்பரவலில் ஓர் அடுக்கு விதியைக் கண்டு, அவ்விதி இக்காலத்தில் எடுத்த மூன்று பதிவுகளிலும் ஏறக்குறைய மாறாது நிற்கக் கண்டவர்கள், இணையம் வளர்கிறதேயன்றி அதன் உருவம் மாறுவதில்லை என்னும் அபிப்பிராயத்திற்கு வந்தனர். கணக்கில் பிழையில்லை. அது எதன் கணக்கு என்பதில்தான் பிழை.

ஒரு வலையமைப்பு, கட்டணமின்றிப் பரஸ்பரம் போக்குவரத்தை ஏற்கும் சமநிலை இணைப்பின் வழியாக, அதாவது தொழிலோர் பியரிங் என்று வழங்கும் உறவின் வழியாகத் தான் அறிந்த பாதையைத் தன் வாடிக்கையாளருக்கு மட்டுமே அறிவிக்கும். தனக்குச் சேவை விற்பவருக்கோ மற்றொரு சமநிலையாளருக்கோ அறிவித்தால், பிறருடைய போக்குவரத்தை ஊதியமின்றிச் சுமக்க நேருமாதலின் அறிவியாது. ஆகவே அத்தகைய இணைப்பு, அவ்விரண்டு வலையமைப்புகளினுள்ளிருந்தோ அவற்றின் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்தோ நோக்குவார்க்கே புலப்படும். ஓரகன் சேமிப்புக்குப் பட்டியல் தந்தவையோ பெரும்பாலும் மேல்நிலைப் பெருவலையமைப்புகள். பெருவழிச் சுங்கச்சாவடியின் கணக்கைக் கொண்டு ஊர்களுக்கிடையேயுள்ள வண்டிப்பாதைகளை எண்ணப் புகுவது இதனோடு ஒக்கும்.

மீமாம்சகருள் பாட்ட மரபினர் காணாமையாகிய அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாக ஏற்றபோதும், இருந்திருப்பின் கண்டிருக்கத் தக்க பொருள் காணப்படாமை மட்டுமே அதன் இன்மைக்குச் சான்றாகும் என்று வரையறுத்தனர். அந்த யோக்கியதை சமநிலை இணைப்புகளுக்கு இப்பட்டியல்களில் இல்லை. எனவே பட்டியலின் மௌனத்திலிருந்து இணைப்பின் அபாவத்தை அனுமானித்தல் ஏலாது.

2012-இல் வெளியான ஓர் ஆய்வு, பல வலையமைப்புகள் ஓரிடத்தில் கூடி இணையும் ஐரோப்பியப் பரிமாற்றகம் ஒன்றின் உள்ளிருந்து போக்குவரத்தை நோக்கி, ஏறத்தாழ 400 உறுப்பினரிடையே 50,000-க்கும் மேற்பட்ட சமநிலை இணைப்புகள் வழக்கில் இருந்ததைக் கண்டது. 400 பேரிடையே அமையக்கூடிய இணைகள் 79,800 என்பதை எண்ணிப் பார்க்க. இரண்டாண்டுகளுக்கு முன் உலகம் முழுவதிலும் அறியப்பட்டிருந்த அவ்வகை இணைப்புகளின் தொகையை இவ்வொரு பரிமாற்றகமே விஞ்சிவிட்டது. ஓரிடத்தை உலகுக்குப் பிரதிநிதியாக்கலாமோ எனின், ஆக்க வேண்டிய அவசியமில்லை. பழைய தொகை குறைபட்டது என்று காட்ட ஒன்றே போதும்.

விடுபட்டவை விகிதம் மாறாது எங்கும் விடுபட்டிருப்பின் பரவலின் வடிவமேனும் நிலைக்கும் என்பர் சிலர். விடுபட்டவை இடைநிலை வலையமைப்புகளிலும் உள்ளடக்கம் வழங்கும் நிறுவனங்களிலும் குவிந்துள்ளமையால் அவ்வாதம் நில்லாது. நோக்குமிடங்கள் ஆண்டுதோறும் பெருகின என்பது மெய்யே. ஆயினும் பொருளும் கண்ணும் ஒருங்கே வளர்ந்த இடத்தில், கண்ட வேறுபாட்டுள் எப்பகுதி எதனுடையது என்று பிரிக்கும் தொல்லையே அதனால் மிகுகிறது.

2010-இல் வெளிவந்த போக்குவரத்து ஆய்வின்படி, 2007-இல் ஆயிரக்கணக்கான வலையமைப்புகள் சேர்ந்து தோற்றுவித்த, மொத்தப் போக்குவரத்தின் பாதிப் பங்கு, 2009-இல் சுமார் 150 வலையமைப்புகளிடம் ஒடுங்கிற்று. பெரிய உள்ளடக்க நிறுவனங்கள் இடைத்தரகரைத் தவிர்த்து இல்லங்களுக்குச் சேவை தரும் வலையமைப்புகளோடு நேரே இணைந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். அந்த நேரிணைப்புகளுள் பலவும் சமநிலை வகையினவே. உருவம் மாறவில்லை என்று சொல்லப்பட்ட பொருள், பட்டியலுக்குக் கண்ணில்லாத பக்கத்தில் மாறிக்கொண்டிருந்தது என்பதே என் துணிபு. அம்மாற்றம் எவ்வாண்டில் தொடங்கிற்று என்பதை ஓரகன் சேமிப்பிலன்று, பரிமாற்றகங்களின் பழைய உறுப்பினர் பதிவேடுகளிலேயே தேடுதல் வேண்டும்.