மாமன் அனுப்பிய காசும் நம் முதல் வீடும்

ஒத்தக்கடையிலோ திருமங்கலத்திலோ இரண்டு சென்ட் மனை வாங்கும் நம் பிள்ளைகள் பலருக்கு முன்பணம் எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூரில் இருக்கும் மாமன் அனுப்புகிறார். இல்லையென்றால் அக்கா நகையை அடகு வைக்கிறார். இதை வெறும் குடும்பப் பாசம் என்று மட்டும் பார்க்காதீர்கள் தோழர்களே. பாட்டன் சொத்து இல்லாதவர்களுக்கு உறவுகளின் உழைப்புதான் மூலதனம்.

பாட்டனுக்கு ஏன் சொத்து இல்லை? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையைப் படித்தால் புரியும். குடிசை போட்ட மனைகூடப் பறையருக்குச் சொந்தமில்லை. கூலி கூடுதலாகக் கேட்டாலோ வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ மிராசுதார் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். வீட்டைக் காட்டியே மனிதரை அடிமையாக வைத்திருந்தார்கள். 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்தது; அந்த நிலத்திலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது.

ஊரில் வழி இல்லாததால் நம்மவர்கள் கப்பலேறினார்கள். மதுரை, இராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். பின்னாளில் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த காசில்தான் சேரியில் காரை வீடுகள் எழுந்தன.

அந்த வீடுகளே கண்ணை உறுத்தின. மதுரைக்குத் தெற்கே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கொடியன்குளம். வளைகுடாவில் உழைத்தவர்கள் அனுப்பிய பணத்தால் நிமிர்ந்த தேவேந்திரர் ஊர் அது. 31-8-1995 அன்று சுமார் 600 போலீசார் ஊருக்குள் நுழைந்தனர். தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் உடைத்தார்கள். கடவுச்சீட்டுகளையும் படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் தீயில் போட்டார்கள். எதைக் கொளுத்தினார்கள் என்று கவனியுங்கள். கடவுச்சீட்டு போனால் காசு வரும் வழி அடைபடும். சான்றிதழ் போனால் அடுத்த தலைமுறையின் வழி அடைபடும்.

7-11-2012 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று ஊர்களில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டினார்கள். அழிந்தது பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த சேமிப்பு. ஒரு வீடு எரியும்போது அதைக் கட்டக் கைகொடுத்த உறவுகள் அத்தனை பேரின் உழைப்பும் சேர்ந்தே எரிகிறது.

ஆகவே உறவினர் உதவியில் வீடு வாங்கும்போது பத்திரத்தோடு நிற்காதீர்கள். பட்டாவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பத்திரம், பட்டா, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வெளியூரிலும் வையுங்கள். பட்டியல் சாதியினர் குடியிருக்கும் வீட்டை அழிக்கத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை என்கிறது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு. எங்காவது நம் வீடு எரிந்தால், முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.