களிமண்ணில் உயிர்த்த போர்

போர்க்களத்தைக் கலையில் அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் கொடியையும் படைக்கலத்தையும் வெற்றி பெற்ற தலைவனையும் காட்டி மனநிறைவு கொள்வர். போரிடும் மனிதனின் முகத்தை உற்று நோக்குவோர் சிலரே. அச்சிலருள் இருவர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலுள்ள புளொரன்ஸ் நகரிற் பணியாற்றினர். ஒருவர் உலகறிந்த ஓவியரான லியனார்டோ டா வின்சி. மற்றவர் சிற்பியான ஜொவான் பிரான்செஸ்கோ ருஸ்திச்சி. முன்னவர் தாளில் வரைந்த வெகுளியைப் பின்னவர் களிமண்ணிற் பிடித்து வைத்தார். அரண்மனைச் சுவரில் எழுதிய பேரோவியம் மறைந்தொழிய, ஏறத்தாழ ஒரு முழ உயரமே கொண்ட மண்ணுருவங்கள் நிலைத்து நின்ற வரலாறு இது.

1494 ஆம் ஆண்டில் மெடிச்சி குடும்பத்தாரை வெளியேற்றிய புளொரன்ஸ் நகரத்தார் குடியரசை மீண்டும் நிலைநாட்டினர். அக்குடியரசின் பேரவை கூடுதற்கென எழுந்த பெருமண்டபத்தின் சுவர்களில், நகரத்தின் பழைய வெற்றிகளை எழுதுவிக்க ஆட்சியாளர் விரும்பினர். 1440 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் நாள், அங்கியாரி என்னும் ஊரருகே மிலான் படையைப் புளொரன்ஸ் படையும் அதன் துணைவரும் முறியடித்த போரை வரையும் பணி, 1503 இல் லியனார்டோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1504 மே மாதத்து உடன்படிக்கையில் அரச செயலாளர் மக்கியவெல்லியின் பெயரும் காணப்படுகிறது. கஸ்சினா என்னும் மற்றொரு போரை எழுதும் பணி இளைஞரான மைக்கலாஞ்சலோவுக்குக் கிடைத்தது.

அங்கியாரிப் போரின் நிகழ்ச்சிகளை விரித்துரைக்கும் குறிப்பொன்று லியனார்டோவின் கைக்குத் தரப்பட்டது. அணிவகுப்பும், தலைவரின் வீரவுரையும், வானில் தோன்றிய புனிதரின் காட்சியும் அதில் இடம்பெற்றன. ஓவியத்தின் நடுவிடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்ததோ கொடிக்கம்பொன்றைப் பற்றிக்கொண்டு குதிரைவீரர் சிலர் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்த முனையும் ஒரு கணம். குதிரைகளும் ஒன்றையொன்று கடித்துப் போரிடுகின்றன. இதற்கென அவர் வரைந்த தலைகள் சில இன்று புடாபெஸ்ட் நகரின் நுண்கலைக் காட்சிச்சாலையில் உள்ளன. நெரிந்த புருவம், விரிந்த நாசி, பற்கள் வெளிப்பட அலறும் வாய் ஆகிய மெய்ப்பாடுகள் யாவும் சில சுண்ணக்கோடுகளில் அடங்கியிருக்கின்றன. போரை வரைவோன் இவற்றையெல்லாம் கூர்ந்து காண வேண்டுமென்று அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்.

1505 யூன் மாதத்திற் சுவரில் வண்ணம் தீட்டத் தொடங்கினார். ஈரச்சுதையில் விரைந்தெழுதும் வழக்கமான முறை அவருக்கு ஒவ்வாது; பன்முறை திருத்தி மெல்ல எழுதுதற்கு எண்ணெய் வண்ணமே ஏற்றதென்று கருதினார். ஆயின், அது சுவரிற் சரிவர ஒட்டவில்லை. தீமூட்டி உலர்த்த முயன்றபோது கீழ்ப்பகுதி உலர்ந்ததென்றும் மேற்பகுதி உலராது போயிற்றென்றும் பழைய குறிப்பொன்று கூறுகிறது. 1506 இல் பணியைக் குறையாக விட்டு அவர் மிலான் நகருக்குச் சென்றார்.

ஓவியம் நின்றுபோயினும் வரைவுகளின் ஆற்றல் நின்றுபோகவில்லை. வரைவிலிருந்து சிற்றுருவம் அமைத்துப் பார்க்கும் வழக்கம் லியனார்டோவிடமே இருந்தது. இங்கிலாந்து அரசகுலத் தொகுப்பில் வின்சர் மாளிகையிற் பேணப்படும் அவருடைய குதிரை வரைவுத் தாளொன்றில், விரல் நீள மெழுகுருவம் ஒன்று செய்யவேண்டுமென்று அவர் தமக்குத் தாமே குறித்துக் கொண்டிருக்கிறார். கோட்டில் மெய்போலத் தோன்றுவது திரட்சியிலும் மெய்யாக நிற்குமா என்பதைக் கைவிரல்களே சோதித்தறிய வேண்டும்.

அச்சோதனையை முழுமையாக நடத்தியவர் ருஸ்திச்சி. 1508 ஆம் ஆண்டளவில் லியனார்டோ புளொரன்சுக்கு மீண்டு, மார்ட்டெல்லி என்னும் செல்வரின் இல்லத்தில் அவருடன் தங்கினார். அக்காலத்தில் ருஸ்திச்சி நகரின் ஞானஸ்நானக் கோயில் வாயிலுக்குரிய வெண்கலச் சிலைகளை உருவாக்கிக் கொண்டிருந்தார். அவை 1511 இல் நிறுவப்பட்டன. குதிரைகளை வடிக்கும் கலையை ருஸ்திச்சி லியனார்டோவிடம் கற்றாரென்றும், குதிரைவீரரும் அவர்தம் கீழ் வீழ்ந்தோரும் அடங்கிய மண்ணுருவங்களைச் செய்தாரென்றும் கலைஞர் வரலாறெழுதிய வசாரி கூறுகிறார். பாரிஸ் நகரின் லூவர் காட்சிச்சாலையிலும் புளொரன்ஸ் நகரின் பர்ஜெல்லோ காட்சிச்சாலையிலும் உள்ள சுடுமண் தொகுதிகளை அறிஞர் ருஸ்திச்சிக்கு உரியனவாகக் கொள்வதற்கு இக்கூற்றே அடிப்படையாகும்.

வரைவைப் பார்த்து மண்ணிற் பிடித்தல் வெறும் படியெடுக்கும் வேலையன்று. தாள் ஒரு பக்கத்தையே காட்டும். வீரனின் முதுகு எவ்வாறு முறுகியிருந்தது என்பதை அது சொல்லாது. சிற்பி அதனை உடலமைப்பு அறிவினாற் கண்டுகொள்ளல் வேண்டும். தாளில் நிழலாக எழுதிய சினம் மண்ணிற் பள்ளமாக மாற வேண்டும். பெருவிரல் நுனியளவான முகத்திற் புருவத்தைச் சற்றே மிகுத்து அழுத்தினால் வெகுளி நகைப்பாகிவிடும். குறைத்தால் முகம் வெறுமையாகிவிடும். மேலும், மண் உலரும்போது சுருங்கும். தடித்த பகுதி சூளையில் வெடிக்கும். பாயும் குதிரையின் மெல்லிய கால்கள் தம் உடலையும் வீரனையும் தாங்கமாட்டா.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்த முறையிலேயே இத்தொகுதிகளின் உட்பொருள் வெளிப்படுகிறது. குதிரையின் வயிற்றடியில் வீழ்ந்தோர் உடல்கள் பின்னிக் கிடக்கின்றன. மேலுள்ள பாரம் அவர்கள்மீதே பொறுத்திருக்கிறது. மிலான் நகரில் 1480களில் சுபோர்சா கோமகனின் நினைவுச்சின்னத்துக்குத் திட்டமிட்டபோதே, பாயும் குதிரைக்கு வீழ்ந்த பகைவனை முட்டாக வைக்கும் வழியை லியனார்டோ வரைந்து பார்த்திருந்தார். அங்கே பொறியியல் உபாயமாக நின்றது இங்கே போரின் உண்மையாகிறது. வென்றவனை உயர்த்தி நிறுத்துபவன் வீழ்ந்தவனே. அவனை அகற்றினால் வெற்றியாளனும் மண்ணில் வீழ்வான்.

அன்றியும், இவ்வுருவங்களில் யார் புளொரன்ஸ் நகரத்தார், யார் மிலான் நகரத்தார் என்று பிரித்தறிதல் இயலாது. அலறும் வாயும் அஞ்சும் கண்ணும் இருபாலார்க்கும் ஒன்றே. கனைக்கும் குதிரையின் முகமும் மனிதன் முகத்தை ஒத்திருக்கிறது. போர் என்பது விலங்குத்தன்மை மிக்க வெறியென லியனார்டோ எழுதியதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டியதில்லை. தன் வெற்றிக்குப் புகழ்மாலை நாடிய அரசுக்கு அக்கலை அளித்த விடை இதுவாகும்.

1512 இல் மெடிச்சி குடும்பத்தார் மீண்டனர், குடியரசு வீழ்ந்தது. பின்னர் அம்மண்டபம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் சுவர்களில் வசாரியே வேறு போர்க்காட்சிகளை எழுதுவித்தார். அவற்றின் பின்னே லியனார்டோவின் ஓவியம் எஞ்சியுள்ளதா என்று துளையிட்டு ஆராய்ந்த முயற்சி 2012 இல் முடிவெய்தாமலே நின்றது. மூலவரைவும் மறைந்தது, பிறர் எடுத்த படிகளே எஞ்சின. ருஸ்திச்சி 1528 இல் பிரான்சு நாட்டுக்குச் சென்று, 1554 இல் தூர் நகரிற் காலமானார்.

வசாரியின் கூற்றுப்படி, ருஸ்திச்சி தம் மண்ணுருவங்களை நண்பர்க்கு அன்பளிப்பாக வழங்கினார். அவை அரசின் ஆணையால் எழுந்தனவல்ல. கொடியுயர்த்தும் நோக்கமும் அவற்றுக்கு இல்லை. அதனாலேயே போலும், ஆட்சிகள் மாறியபோது அவற்றை மறைக்க வேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை. பேரவை மண்டபத்துச் சுவர் இழந்துவிட்ட அலறல், கையில் ஏந்தத்தக்க அம்மண்ணில் ஐந்நூறு ஆண்டுகளின் பின்னும் அடங்காது ஒலிக்கின்றது.