வித்தியும் நோயும்

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியின் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்லியும் புறூமும் அது ஒரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டனர். எனினும், அப்பங்கசே நோயின் காரணமா, அன்றி நலிந்த மரத்திற் பின்னர் வந்து குடியேறியதா என்ற ஐயம் தோட்டத் துரைமாரிடையே நீங்கவில்லை.

1880இல் இலங்கை வந்த மார்சல் வாட் இவ்வையத்தைத் தீர்த்தார். கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். நலமுள்ள இலையில் வித்தியை இட்டு, ஈரமிருந்தால் அது முளைத்து உட்புகுந்து நோய் விளைப்பதையும் காட்டினார். வித்தி இருத்தல் வேறு, நோய் இருத்தல் வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

கோப்பி வீழ்ந்தது. 1889இல் தனி மாகாணமான சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் பரவின. அங்கே ஓயாத மழையிற் கொழுந்து பறிப்போர்க்கும் பால் வெட்டுவோர்க்கும் தோற்பங்கசு நோய்கள் எளிதில் வரக்கூடியன. அதனால் வாட் கண்ட வேறுபாடு மனித உடலைச் சோதிக்கும் ஆய்வுகூடத்திற்கும் பொருந்துவதாயிற்று.

நோயில்லாதவிடத்து நோயுண்டெனக் காட்டும் பொய்நேர் முடிவுக்குக் காரணங்கள் பல. காற்றிலுள்ள அசுப்பெர்சிலசு, பெனிசிலியம் வித்திகள் வளர்ப்புத் தட்டில் விழுந்து முளைக்கலாம். சுரண்டியெடுத்த தோலை நுணுக்குக்காட்டியிற் பார்க்கையிற் பஞ்சு நூலும் தோற்கலங்களின் விளிம்பும் பங்கசு இழைகளாகத் தோன்றலாம். நலமுள்ளோர் வாயிலும் வாழும் கன்டிடா சளியிற் கலந்து வரலாம். பங்கசுச் சுவரின் குளுக்கனை இரத்தத்தில் தேடும் புதிய சோதனையோ, காயத்திற் கட்டிய பஞ்சுத்துணியாலும் சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் செலுலோசு மென்சவ்வாலுங்கூட ஏமாறுவதுண்டு.

இத்தவறு சிறிதன்று. உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பைப் படர்தாமரை என்று கொண்டு மாதக்கணக்கில் மருந்து பூசினால், உள்ளிருக்கும் தொழுநோய் நரம்பை அரித்துவிடும். நாட்சம்பளத்தை இழந்து தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு வரும் தொழிலாளிக்கு மறுமுறை வருவதும் எளிதன்று. பொய்நேர் முடிவு இல்லாத நோயைக் காட்டுவதோடு, இருக்கும் நோயை மறைக்கவும் செய்கின்றது.

ஆகவே மாதிரியைத் தூய்மையாக எடுத்தல், மீண்டும் சோதித்தல், நோயாளியின் உடற்குறியோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. தகட்டிற் கண்ட வித்தியோடு நில்லாது, அதுவே நோயை விளைத்ததா என்று வாட் கேட்ட கேள்வி இன்றைய ஆய்வுகூடத்திற்கும் உரியதாகும்.