துயில் தொடங்கும் பொழுதின் கனவு: காபூஸ் பற்றிய ஜோன்ஸின் விளக்கம் – ஒரு மறுஆய்வு

உறங்கத் தொடங்கும்போதே தெளிவான காட்சியாகத் தோன்றி நெஞ்சை அழுத்தும் கனவைத் தமிழ் நாட்டார் வழக்கு அமுக்குவான் பேய் என்கிறது. யுனானி மருத்துவம் காபூஸ் என்கிறது. இதனை முழுக்க உள்ளத்தின் சிக்கலாகக் கண்டவர் எர்னெஸ்ட் ஜோன்ஸ். 1910இல் கட்டுரையாக வெளியிட்டு 1931இல் நூலாக விரித்த ஆய்வில், பேரச்சம், மூச்சைத் தடுக்கும் நெஞ்சழுத்தம், அசைய இயலாமை ஆகிய மூன்றை அடையாளங்களாக வகுத்த அவர், நெருங்கிய உறவினர்பால் எழுந்து அடக்கப்பட்ட வேட்கையே காரணம் என்றும், உணவும் படுக்கும் நிலையும் வெறும் தூண்டுதல்கள் என்றும் முடிவு செய்தார். அடையாளங்களை அவர் தொகுத்த முறையில் பிழையில்லை; ஆயினும் அம்மூன்றனுள் கனவு தோன்றும் நேரத்துக்கு இடமில்லை.

அவர் விட்ட நேரத்தைப் பழைய மருத்துவ நூல்கள் விடவில்லை. இப்னு சீனாவின் அல்கானூன், உறக்கத்துள் நுழையும்போது கனத்த உருவொன்று மேலே விழுந்து குரலையும் அசைவையும் முடக்குவதாக உணரும் நோய் என்றே காபூஸை வரையறுக்கிறது. நுழைவு என்பது பொதுவாக உறங்கும் வேளையைச் சுட்டும் எனக் கொள்ளவும் கூடும். அது நீங்கியதும் நோயாளி சட்டென விழித்துக்கொள்வதாக அடுத்து வரும் குறிப்பு அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. எனினும், கண்ட நோயாளிகளைக் கொண்டு எழுதும் மருத்துவர், உறக்கத்தில் என்று சொல்லி அமையாமல் நுழைவைத் தனித்துக் குறிப்பதைத் தற்செயல் எனத் தள்ளுவது எளிதன்று. காபூஸைக் காக்காய்வலிப்பு, மூளைத்தாக்கு, பித்து ஆகியவற்றுள் ஒன்றுக்கு முன்னறிகுறி என்றும் அவர் கருதினார். அல்ராசியின் அல்ஹாவியும் காபூஸைக் காக்காய்வலிப்போடு சேர்த்தே பேசுகிறது. அப்பெருநூலை 1955 முதல் அச்சிட்டு வெளியிட்டது, 1888இல் தோன்றி இன்று ஐதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனமாகும்.

இந்திய மரபிலும் நேரமே அளவுகோல். ஆழ்ந்து உறங்காதவனே பலவகைக் கனவு காண்கிறான் என்னும் சரகசம்ஹிதையின் இந்திரியத்தானம், இரவின் முற்பகுதிக் கனவுக்குப் பயன் சிறிது என்கிறது. காலம் உறுதிப்படாத, பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூலோ முதற்சாமக் கனவு பலிக்க ஓராண்டும் கடைச்சாமக் கனவுக்குப் பத்து நாளும் வகுக்கிறது. இவை நிமித்தக் கணக்குகளே; உடலியல் எனக் கொள்வது மிகையாகும். ஆனால் கனவு செறிவது இரவின் கடைப்பகுதியில் என்னும் பட்டறிவு இவற்றுக்குள் இருந்திருக்கலாம்.

1953இல் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தை, அதாவது மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையக் கனவு மிகும் நிலையை, வெளிப்படுத்தினர். அந்நிலையில் உடற்றசைகள் செயலற்றுக் கிடப்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. இயல்பான உறக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடம் கழித்தே வரும் அந்நிலை, நார்கோலெப்சி என்னும் அடக்கவியலாப் பகலுறக்க நோயில் தொடக்கத்திலேயே வருவதை 1960இல் ஜெரால்டு வோகல் காட்டினார். ஜோன்ஸ் வேட்கையில் தேடிய முடக்கம், கனவுநிலையின் தசைத்தளர்வு விழிப்போடு கலப்பதால் விளைவது; இப்னு சீனாவின் பட்டியலில் நோய்கள் பிழைத்தன, நேரம் பிழைக்கவில்லை.

இக்கனவு தனித்து வருமாயின் பெரும்பாலும் நோயன்று. 1996இல் வெளியான பிரித்தானியக் கணக்கெடுப்பில் 37 விழுக்காட்டினர் உறக்கத் தொடக்கக் காட்சிகளைக் கண்டதாகக் கூறினர். பகலில் அடங்காத தூக்கமோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்வதோ உடன் வந்தால்தான் ஆய்வு தேவை. பகலில் பலமுறை உறங்கவைத்து அளக்கும் சோதனையில், சராசரியாக 8 நிமிடத்துக்குள் உறக்கமும், இருமுறையேனும் 15 நிமிடத்துக்குள் கனவுநிலையும் வருவது நார்கோலெப்சிக்குச் சான்றாகும். ஆனால் ஐதராபாத்தின் லாலாகுடா போன்ற இரயில்வே குடியிருப்புகளில் இரவுப்பணி முடித்துக் காலையில் படுப்போர்க்கு, கனவுநிலை இயல்பாக மிகும் பொழுதே உறங்கும் பொழுதாகிவிடுவதால், அந்நிலை விரைந்து வரக்கூடும். அவர்தம் பணிமுறையைக் கேட்டறியாமல் சோதனை முடிவைப் படித்தல் தகாது.