பேசினால் எழுதும் மென்பொருள்: வீட்டுக் கணினிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பல வீடுகளில் இன்று ஒரு கணினியோ மடிக்கணினியோ இருக்கிறது. ஆனால் அதில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர்தான். கூட்டக் குறிப்பு எழுத வேண்டிய ஜமாஅத் செயலாளர், ஜும்ஆ உரைக்குக் குறிப்பு தயாரிக்கும் ஆலிம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு விரிவாக எழுத நினைக்கும் தாய், விரல் வலியால் விசைப்பலகையைத் தொட முடியாத வாப்பா, பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் எனப் பலருக்கும் சொல்ல வேண்டியது தெளிவாகத் தெரியும்; தட்டச்சுதான் தடை. இந்தத் தடையை நீக்க வந்ததே குரல்வழித் தட்டச்சு. நாம் பேசினால் அதைக் கேட்டு, திரையில் எழுத்தாகக் காட்டும் மென்பொருள் இது.

இதில் பல வகைகள் உள்ளன. இலவசமானவை உண்டு, பணம் கொடுத்து வாங்குபவையும் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. அது தமிழ் அறியுமா? நம் வீட்டாரின் பேச்சை எவ்வளவு சரியாக எழுதுகிறது? நாம் பேசியது எங்கே போகிறது?

இது எப்படி வேலை செய்கிறது?

மென்பொருள் நம் பேச்சைப் 'புரிந்துகொள்வதில்லை'. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக ஆராய்ந்து, அந்த ஒலிக்கும் முன்பின் சொற்களுக்கும் பொருந்தக்கூடிய சொல் எது என்று கணிக்கிறது. தொடக்க கால மென்பொருள்களில் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நிறுத்திப் பேச வேண்டும். 1990-ல் வந்த 'டிராகன் டிக்டேட்' அப்படிப்பட்டது. 1997-ல் வெளியான 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' தொடர்ச்சியான பேச்சை எழுதத் தொடங்கியது. இன்றைய மென்பொருள்கள் செயற்கை நுண்ணறிவால் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. திரையில் வருவது ஓர் ஊகம்தான்.

தமிழில் இந்த ஊகத்துக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ல, ள, ழ வேறுபாட்டைப் பலர் தெளிவாக உச்சரிப்பதில்லை. 'பள்ளி' என்று சொன்னது 'பல்லி' என்று வந்து நிற்கலாம். அறம், அரம் ஆகிய இரண்டும் பலர் பேச்சில் ஒரே ஒலியாகவே கேட்கும். க், ச், த், ப் ஆகிய ஒற்றெழுத்துகளும் விடுபடும். அதோடு நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். 'வந்துட்டாஹ', 'போய்ட்டு வாரேன்' என்று ஊர்ப் பேச்சில் சொன்னால் மென்பொருள் தடுமாறும். 'வந்துவிட்டார்கள்', 'போய்விட்டு வருகிறேன்' என்று நிதானமாகச் சொன்னால் பிழை வெகுவாகக் குறையும்.

எவையெல்லாம் தமிழ் அறியும்?

1. கூகுள் டாக்ஸ் குரல் தட்டச்சு: வீட்டு உபயோகத்துக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். கட்டணம் இல்லை. கூகுள் கணக்கும் குரோம் உலாவியும் இணையமும் போதும். டாக்ஸில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, 'டூல்ஸ்' பட்டியலில் 'வாய்ஸ் டைப்பிங்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் வரும். மைக் படத்துக்கு மேலே உள்ள மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுத் தமிழும் தனித்தனியாக உள்ளன. நம் உச்சரிப்புக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். 'முற்றுப்புள்ளி', 'அடுத்த பத்தி' போன்ற கட்டளைகளைத் தமிழில் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றைக் கையால்தான் இட வேண்டும்.

2. விண்டோஸ் 11 குரல் தட்டச்சு: விண்டோஸ் விசையையும் ஹெச் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு மைக் பெட்டி தோன்றும். மின்னஞ்சல், வேர்டு, உலாவி என எங்கே எழுத முடியுமோ அங்கெல்லாம் இது எழுதும் என்பதே இதன் வசதி. முதலில் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தித் தமிழுக்கு மாறிக்கொள்ளலாம். இதற்கும் இணையம் வேண்டும். விண்டோஸ் 10-ல் இதே விசைகள் வேலை செய்தாலும் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

3. மைக்ரோசாப்ட் வேர்டின் 'டிக்டேட்': மைக்ரோசாப்ட் 365 சந்தா வைத்திருப்பவர்களின் வேர்டில் 'ஹோம்' பகுதியிலேயே மைக் பொத்தான் இருக்கும். ஏற்கெனவே சந்தா இருந்தால் பயன்படுத்தலாம். இதற்காக மட்டும் சந்தா கட்ட வேண்டியதில்லை.

4. டிராகன்: ஆங்கில உலகில் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. இதை உருவாக்கி வந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022-ல் மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. ஆங்கிலத்தில் மருத்துவ, சட்ட ஆவணங்கள் எழுதுவோருக்கு இது பயன்படும். தமிழ் இதற்குத் தெரியாது. தமிழுக்காக இதை வாங்குவது வீண் செலவு.

5. விஸ்பர்: ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட இலவச மென்பொருள். 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. தமிழும் அறியும். ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையமே இல்லாமல் நம் கணினிக்குள்ளேயே இயங்கும். பேசப் பேச எழுதுவதைவிட, ஏற்கெனவே பதிவு செய்த பயானை எழுத்தாக்கவே இது அதிகம் பயன்படும். சிறியதிலிருந்து பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கிறது. சிறிய வடிவங்களில் தமிழ் மிகவும் தடுமாறும். பெரிய வடிவத்துக்கு ஏறத்தாழ 10 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு தேவை. பேச்சில்லாத இடைவெளிகளில், யாரும் சொல்லாத வாக்கியத்தை இதுவே எழுதிவிடுவதும் உண்டு. எனவே ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே சரிபார்க்காமல் எதையும் வெளியிடக் கூடாது.

மைக் முக்கியம்

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் மைக்கைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினியில் உள்ள மைக், மின்விசிறியின் ஓசையையும் அடுத்த அறைப் பேச்சையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். கம்பியுடன் யூஎஸ்பியில் இணையும் சாதாரண ஹெட்செட் போதுமானது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சுக்காற்று படாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் பிழைகள் குறைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

கணினியில் மைக் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே கூகுள் கணக்கில் டாக்ஸைத் திறந்து, விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசலாம். எழுத்து கணினித் திரையிலும் வந்துவிடும். திருத்துவதைக் கணினியில் செய்துகொள்ளலாம்.

நம் வழக்குச் சொற்கள்

நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்கள் பல அரபு வேர் கொண்டவை. துஆ, ஜனாஸா, வஸிய்யத், நிகாஹ், மஹர், ஸலவாத் போன்றவற்றை மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதக்கூடும். ரமலான், ரமழான் என எழுத்து வழக்கே இரண்டாக இருக்கும் சொற்களில் நாம் விரும்பும் வடிவம் வராமல் போகலாம். எழுதி முடித்ததும் கன்ட்ரோலுடன் ஹெச் விசையை அழுத்தி, 'கண்டுபிடித்து மாற்று' வசதியால் ஒரே முறையில் எல்லாவற்றையும் திருத்திவிடலாம். (ஸல்), (ரலி) போன்ற அடைப்புக்குறிச் சொற்களையும் கடைசியில் கையால் சேர்ப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். குர்ஆன் வசனங்களையும் அவற்றின் மொழிபெயர்ப்பையும் ஹதீஸ்களையும் மைக்கில் ஓதி, வந்ததை அப்படியே வைத்துவிடக் கூடாது. ஊகத்தால் வரும் எழுத்தில் ஒரு 'இல்லை' விடுபட்டாலே பொருள் தலைகீழாகிவிடும். அந்த இடத்தை வெற்றாக விட்டு, அத்தியாய எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நம்பகமான பதிப்பைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதுங்கள். வஸிய்யத், கடன் பத்திரம், பாகப் பிரிவினைக் கணக்கு ஆகியவற்றில் வரும் எண்களுக்கும் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பேசியது எங்கே போகிறது?

இணையம் தேவைப்படும் மென்பொருள்களில், நம் குரல் அந்த நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று எழுத்தாகித் திரும்புகிறது. ஊர்ச் செய்தியோ உரைக் குறிப்போ எழுத இது தடையல்ல. ஆனால் ஜமாஅத்துக்கு வரும் குடும்ப வழக்குகள், தலாக், குலா விண்ணப்பங்கள், நோயாளியின் விவரங்கள், வங்கி எண்கள் ஆகியவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவற்றைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அல்லது விஸ்பர் போல இணையமின்றி இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கூட்டத்தைப் பதிவு செய்து எழுத்தாக்குவதாக இருந்தால், அங்கே இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை

எந்த மென்பொருளையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

• தலா 100 சொற்கள் கொண்ட மூன்று பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று செய்தித்தாள் பத்தி. ஒன்று வீட்டுக் கடிதம். ஒன்று உறவினர் பெயர், ஊர்ப் பெயர், மார்க்கச் சொற்கள் கலந்த பகுதி.

• யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரே வாசிக்க வேண்டும். பேரன் வாசித்துச் சரியாக வந்தால் பாட்டிக்கும் சரியாக வரும் என்பதில்லை.

• மாறி வந்த சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் எண்ணுங்கள். 100-க்கு 10 என்றால் பிழை விகிதம் 10 சதவீதம்.

• திருத்த ஆகும் நேரத்தையும் கணக்கிடுங்கள். பேசித் திருத்துவதைவிடக் கையால் எழுதுவதே விரைவு என்றால், அவருக்கு அந்த மென்பொருள் பொருந்தவில்லை.

இலவசமானவற்றை இப்படிச் சோதித்த பிறகும் குறை இருந்தால் மட்டுமே பணம் கொடுக்கும் மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் தமிழுக்கான சோதனைக் காலம் தராத எதையும் வாங்க வேண்டாம்.

மூத்தவர்கள் இருக்கும்போதே

இன்னொரு பயனையும் நினைவூட்ட விரும்புகிறோம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழைப் படித்த பெண்மணிகள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்து தெரியாது. பழைய கிதாபுகள் பெட்டிக்குள் கிடக்கின்றன. உம்மம்மா உரக்க வாசிக்க, கணினி எழுத, பிள்ளைகள் உடனிருந்து திருத்தினால், அந்த நூல் இன்றைய தமிழ் எழுத்துக்கு வந்துவிடும். குடும்ப வரலாறு, வைத்திய முறை, சமையல் குறிப்பு என அவர்கள் நினைவில் உள்ளதையும் இப்படியே பதிவு செய்யலாம். கணினி பிழையாக எழுதினால் அவர்களிடமே கேட்டுத் திருத்த இன்று வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு எப்போதும் இருக்காது. வரும் விடுமுறையில் ஒரு பக்கமாவது இன்ஷா அல்லாஹ் தொடங்கிப் பாருங்கள்.