கிறிஸ்தவப் பாலர் கல்வியும் மண் பேணலும் : ஒரு வரலாற்று நோக்கு

மேலை நாடுகளின் கிறிஸ்தவ முன்பள்ளிகளில் இன்று ஒரு பயிற்சி பெருவழக்காயுள்ளது. வகுப்பறையின் மூலையில் வெவ்வேறு நிறங்கொண்ட தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கும். மூன்று, நான்கு வயதுப் பாலர் உணவுண்டு முடித்ததும் கடதாசியை ஒன்றிலும், போத்தலையும் பேணியையும் இன்னொன்றிலும், பழத்தோலைப் பிறிதொன்றிலும் இடுவர். இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்த கதையைக் கேட்ட கையோடு இது நிகழும். படைத்தவனின் உடைமையைப் பேணுதல் பிள்ளையின் கடன் என்று ஆசிரியை எடுத்துரைப்பார். வீசுதற்குரிய அட்டைப்பெட்டிகளைக் கொண்டு நோவாவின் பேழையைச் செய்விப்பதும் உண்டு. அப்பேழை ஒரு வாரத்தின் பின் எங்கே போய்ச் சேர்கின்றது என்பது வேறு விடயம்.

இப்பயிற்சி மிக அண்மைக் காலத்தது என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்திற்குக் காரணமில்லாமலில்லை. முதலாவது புவி நாள் ஐக்கிய அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டு ஏப்ரில் 22 ஆந் திகதி கொண்டாடப்பட்டது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான மீள்சுழற்சிச் சின்னத்தைக் கரி அண்டர்சன் என்னும் மாணவர் வரைந்ததும் அதே ஆண்டிலேயாம். ஆயின், கழிவுப்பொருளைச் சிறுவர் கையிற் கொடுத்து, அதனைச் சமய ஒழுக்கத்தோடு பிணைத்துக் கற்பித்த முயற்சிக்கு இதனினும் இருநூறாண்டு மூத்த வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, இன்றைய பயிற்சியில் எது எஞ்சியுள்ளது, எது கைநழுவிவிட்டது என்பது புலனாகும்.

அதற்குமுன், கிறிஸ்தவத்தின்மேற் சுமத்தப்பட்ட ஒரு குற்றச்சாட்டை நினைவிற்கொள்ளுதல் அவசியம். அமெரிக்க வரலாற்றாசிரியரான லின் வைற் 1967 இல் 'சயன்ஸ்' என்னும் ஆய்வேட்டில் வெளியிட்ட கட்டுரையில், இயற்கையின் சீரழிவுக்கான வேரை மேலைக் கிறிஸ்தவச் சிந்தனையிலே கண்டார். பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆளுமாறு மனிதனுக்கு ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் ஆணை வழங்கப்படுகின்றது. அவ்வாணையே இயற்கையைச் சுரண்டுதற்கு மனத்தடையை நீக்கியது என்பது அவரது வாதத்தின் சாரம். அவரும் கிறிஸ்தவரே. அசீசி நகரப் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்று அக்கட்டுரையின் முடிவில் முன்மொழிந்தவரும் அவரே. 1979 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவ்வாறே அறிவித்தார். இறையியலாளர் பலர் வைற்றுக்கு விடையாக ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினர். அங்கே மனிதன் ஒரு தோட்டத்தில் வைக்கப்படுகின்றான். அவனுக்கு இடப்பட்ட பணியைக் குறிக்கும் எபிரேய வினைச்சொற்கள் இரண்டும் ஊழியஞ் செய்தல், காத்தல் என்னும் பொருளுடையன. ஆள்பவனா, தோட்டக்காரனா என்னும் இவ்வழக்கு நூல்களில் எழுப்பப்படுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே, ஒரு மலைக்கிராமத்துக் குரு அதனைத் தம் பங்கின் சிறுவரிடையே செயலளவில் தீர்த்துவைத்திருந்தார்.

பிரான்சின் கிழக்கெல்லையில், அல்சாஸ் பிரதேசத்து வோஜ் மலைகளினிடையே பான் டி லா றோஷ் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. வால்டர்ஸ்பாக் முதலிய ஐந்து சிற்றூர்களைக் கொண்ட அந்த லூதரன் பங்கிற்கு, ஸ்ராஸ்பூர் நகரிற் பிறந்த ஜோன் பிரெடெரிக் ஒபெர்லின் 1767 இல் குருவாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. கல்லும் சரிவுமான நிலம், நீண்ட பனிக்காலம், விளைச்சல் குன்றிப்போன உருளைக்கிழங்கு, வெளியூருக்குச் செல்ல நல்ல பாதையுமில்லை. மக்கள் பேசியது அயலார்க்கு எளிதில் விளங்காத ஒரு கிளைமொழி. ஒபெர்லின் 1826 இல் மறையும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அப்பங்கை விட்டு நீங்கவில்லை. தாமே கடப்பாரை பிடித்துப் பாதை வெட்டியதும், புரூஷ் ஆற்றின்மேற் பாலங் கட்டுவித்ததும், விதையும் கருவியும் தருவித்ததும் அவரைப் பற்றிப் பலரும் அறிந்த செய்திகள்.

பாலர் கல்வியின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் வேறு. பெல்மொன் என்னும் ஊரைச் சேர்ந்த சாரா பான்சே என்னும் இளம்பெண், பெற்றோர் வயலுக்குச் சென்ற வேளையிற் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவரைக் கூட்டிப் பின்னல் வேலை பழக்கி வந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. 1770 ஐ அண்டிய காலத்தில் ஒபெர்லின் அவரை ஊதியங் கொடுத்து அமர்த்திக்கொண்டார். 'பின்னல் அறைகள்' என வழங்கிய இக்கூடங்களே ஐரோப்பாவின் முதற் பாலர் பாடசாலைகளுள் வைத்தெண்ணப்படுவன. சாரா 1774 இல் இளவயதிலேயே இறந்தார். பின்னர் இப்பணியின் தூணாக விளங்கியவர் லூயிஸ் ஷெப்லர் என்னும் பணிப்பெண். குருவின் மனைவி 1783 இற் காலமானபின் வீட்டுப் பொறுப்பும் பாலர் பொறுப்பும் அவர் தோளிலேயே விழுந்தன. 1829 இல் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு மொன்தியோன் அறப்பரிசை வழங்கியது. குருவைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. இவ்விரு பெண்களின் பெயர்கள் அந்நூல்களின் ஓரங்களிலேயே நெடுங்காலம் நின்றன என்பதும் சொல்லப்படவேண்டியதே.

அக்கூடங்களிற் பாலர் கற்றவை யாவை? கைகள் பின்னும்போது காதுகள் வேதாகமக் கதையைக் கேட்டன. படங்களைக் காட்டி விலங்குகளும் நாடுகளும் பிரெஞ்சு மொழியில் அறிமுகப்படுத்தப்பட்டன. கோடையில் ஆசிரியை பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று செடிகொடிகளைச் சேகரிக்கச் செய்தார். எது உணவு, எது மருந்து, எது நஞ்சு என இனங்காணப் பழக்கினார். பஞ்சம் அடிக்கடி தலைகாட்டிய இடத்தில் இதனைப் பொழுதுபோக்கு என்று கொள்ள முடியாது.

எல்லாவற்றினும் நோக்கற்பாலது ஒபெர்லினின் பசளைத் திட்டமாகும். மண் மெலிந்த அவ்வூரில் கால்நடையின் எரு போதியதாயில்லை. ஆகவே, காய்ந்த இலை, செடித்தண்டு, கோரை, பாசி, ஊசியிலை மரங்களின் காய்க்கூம்பு ஆகிய அனைத்தையும் மக்கச் செய்யுமாறு அவர் மக்களைத் தூண்டினார். அத்தோடு நில்லாது, கிழிந்த கம்பளித் துணியை நூல்நூலாகப் பிரிப்பதற்கும், தேய்ந்த பாதணிகளைச் சிறு துண்டுகளாக்குவதற்கும் சிறுவருக்குச் சில்லறைக் காசு கொடுத்தார். கம்பளியும் தோலும் விலங்கிலிருந்து வந்தவை, நைதரசன் செறிந்தவை, மெல்ல மக்கி மண்ணுக்கு ஊட்டமாவன. இரசாயனம் இதனை விளக்குமுன் அனுபவம் அறிந்திருந்தது. ஐயாயிரம் பேர் உண்டபின் ஒன்றும் வீணாகாதபடி துணிக்கைகளைச் சேர்க்குமாறு இயேசு பணித்ததாக யோவான் நற்செய்தி கூறும். அப்பணிப்பு இங்கே கந்தைக்கும் செருப்புக்கும் விரிந்து சென்றது எனலாம். இதனோடு இணைத்து நோக்கவேண்டியது, திடப்படுத்தல் பெற வரும் இளைஞர் தாம் மரம் நாட்டியமைக்குச் சான்று கொண்டுவரவேண்டும் என அவர் விதித்திருந்த விதியாகும். விசுவாச அறிக்கையும் மரக்கன்றும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

இதனை மிகைப்படுத்துதலும் தவறாகும். ஒபெர்லின் இக்காலப் பொருளிற் சூழல் காவலரல்லர். அவரது கவலை பசித்த மக்களைப் பற்றியது; மண் வளம்பெறவேண்டியது கிழங்கு விளைவதற்காகவே. வறியோர் எந்நாட்டிலும் பொருளை எளிதில் வீசுவதில்லை; கந்தையைச் சேர்ப்பது சமயம் கற்பித்துத்தான் வரவேண்டும் என்பதில்லை. மேலும், நான்கு வயதுப் பிள்ளையின் பின்னல் வேலையில் உழைப்பின் சாயல் உண்டு என்று இன்றைய கல்வியியலாளர் குறைகூறின் மறுப்பது கடினம். எனினும் ஒன்று மறுக்கவொண்ணாதது. அங்கே பிள்ளை தன் கையாற் பிரித்த கந்தை எங்கே சென்றது என்பதை அப்பிள்ளையே கண்டது. பக்கத்துக் குழியில் இட்டது பக்கத்து வயலிற் பரவியது. அவ்வயலின் கிழங்கு மாரிகாலத்தில் அதன் கலத்துக்கு வந்தது. கற்பித்தலுக்கும் காட்சிக்கும் இடைவெளி இருக்கவில்லை.

இத்தொடர்பு அடுத்த நூற்றாண்டில் வேறொரு வடிவம் பெற்றது. லூதரன் குரு ஒருவரின் மகனான பிரெடெரிக் பிறோபல், 1840 இல் யேர்மனியின் பிளாங்கன்பூர்க் நகரிற் பாலர் நிலையத்திற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அது வெறும் உவமையன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாத்தியும், யாவருக்கும் பொதுவான பாத்தியும் அவர் திட்டத்தில் இருந்தன. 1851 இல் பிரஷ்ய அரசு இந்நிலையங்களைத் தடைசெய்தது. 1860 இலேயே தடை நீங்கியது. பிற்காலத்திற் பெயர் உலகெங்கும் பரவ, தோட்டம் பல இடங்களிற் சுவரிலே தீட்டிய பூக்களாகச் சுருங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீள்சுழற்சி முன்பள்ளிக்குள் நுழைந்தபோது, அது தோட்டத்தின் வழியாக வரவில்லை. கடையின் வழியாக வந்தது. 1953 இல் ஐக்கிய அமெரிக்காவில் 'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' என்னும் பொருளுடைய பெயரில் ஓர் அமைப்புத் தோன்றியது. பேணி, போத்தல் உற்பத்தி நிறுவனங்கள் அதன் தோற்றத்திற் பங்குகொண்டன. குப்பைக்குப் பொறுப்பாளி அதனை வீசுபவனே என்பது அதன் பிரசாரத்தின் அடிநாதம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலனை உற்பத்தி செய்பவனைப் பற்றிப் பேச்சில்லை. 1970 களிற் பாடசாலைகளை அடைந்த குப்பை ஒழுக்கத்தில் இக்குரலும் கலந்திருந்தது. அண்டர்சனின் சின்னங்கூட ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக வரையப்பட்டதே. மீள்சுழற்சி தீது என்பது இதன் கருத்தன்று. ஆனாற் பாவத்தையும் மனந்திரும்புதலையும் பேசப் பழகிய ஒரு சமயம், பொறுப்பு முழுவதும் பிள்ளையின் சிறு கைமேற் சுமத்தப்படுவதை ஐயமின்றி ஏற்றுக்கொண்டமை வியப்புக்குரியது.

திருச்சபைகள் பின்னர் இவ்விடத்தைக் கவனிக்கத் தொடங்கின. 1989 இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் மறைமுதுவர் திமித்ரியோஸ் செப்டெம்பர் முதலாந் திகதியைப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக அறிவித்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலில், குப்பையைத் தரம்பிரித்தல் போன்ற அன்றாடச் சிறு செயல்களைக் கல்வியின் பகுதியாகப் பாராட்டினார். அதே மடல் எறிந்துவிடும் பண்பாட்டையும் அதனை வளர்க்கும் பொருளாதாரத்தையும் கடுமையாகச் சாடுகின்றது. முன்பள்ளிப் பாடங்களில் முதலாவது பகுதி எளிதாகப் புகுந்தது, இரண்டாவது புகவில்லை.

தொட்டியில் இடப்பட்ட பொருள் செல்லும் வழியை இலங்கையர் நேரிற் கண்டதுண்டு. பிரித்தானியாவிலிருந்து மீள்சுழற்சிப் பொருள் என்ற பெயரில் வந்த இருநூறுக்கு மேற்பட்ட கொள்கலன்களின் விவகாரம் 2019 இல் வெளியாயிற்று. பழைய மெத்தைகளோடும் கம்பளங்களோடும் மருத்துவமனைக் கழிவும் அவற்றில் இருந்தமை தெரியவந்தது. அவை கட்டங்கட்டமாகத் திருப்பியனுப்பப்பட்டு முடிந்தது 2022 இலேயாம். அதற்குமுன், 2018 இன் தொடக்கத்திற் சீனா பல்வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடைசெய்தபோது, செல்வந்த நாடுகளின் தரம்பிரித்த பிளாஸ்டிக் வேறு கரைகளைத் தேடியது. குப்பையைத் தொட்டியில் இட்ட பிள்ளைக்கு அது நல்லதோர் இடத்திற்குச் சென்றதென்று கூறப்பட்டிருக்கும். கூறிய ஆசிரியையும் அவ்வாறே நம்பியிருப்பார்.

இன்று சில முன்பள்ளிகள் மண்ணுக்கே திரும்பியுள்ளன. முற்றத்திற் குழிவெட்டிப் பழத்தோலையும் இலையையும் கம்பளித் துண்டையும் அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறையையும் புதைப்பர். சில மாதங்களின் பின் பாலரே அதனைத் தோண்டுவர். தோலும் இலையும் காணாமற்போயிருக்கும், கம்பளி நைந்திருக்கும், உறை மட்டும் அதன்மேல் அச்சிட்ட எழுத்துக்களோடு அப்படியே வெளிவரும். அதனை எங்கே போடுவது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நிறத்தொட்டியைக் காட்டுவதா, அவ்வுறையைச் செய்தவர் யார் என்னும் கதையைத் தொடங்குவதா என்பதை ஆசிரியை அவ்விடத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும்.